ஸ்கேன் பிடிஎஃப் வேண்டாம், எக்செல் ஃபைல் கொடுங்கள்: அரசு அலுவலகத்தில் தரவு கேட்டு வாங்குவது எப்படி?

உங்கள் மாநகராட்சியின் இணையதளத்தில் வார்டு வாரியாக நடந்த சாலைப் பணிகளின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். பட்டியல் இருந்தால் பெரும்பாலும் பிடிஎஃபாக இருக்கும். எக்செலில் அடித்ததை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். ஒரு வார்டில் மொத்தம் எவ்வளவு செலவானது என்று கூட்டிப் பார்க்கக்கூட பக்கம் பக்கமாக உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

நான் துரத்தியது இந்தப் பட்டியலைத்தான். கடைசியில் கிடைத்தது, ஆனால் நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி அல்லது நகராட்சியிடம் கேட்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். மற்ற துறைகளுக்கும் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் கட்டணம் கட்டும் முறை போன்ற சில்லறை வேறுபாடுகள் தவிர வழி இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தைப் புதிதாக எதையும் தயாரிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலை, இருக்கிறபடியே கேளுங்கள். கீழே வரும் எல்லா அடிகளுக்கும் அடிப்படை இதுதான்.

1. ஒரே ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுங்கள்

"உங்கள் துறையின் எல்லாத் தரவையும் திறந்துவிடுங்கள்" என்று கேட்டால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். எந்த செக்‌ஷனுக்கு அனுப்புவது என்றே தபால் பிரிவுக்குத் தெரியாது. "2023-24 நிதியாண்டில் முடிந்த சாலைப் பணிகள், வார்டு வாரியாக" என்று கேட்டால் அது பொறியியல் பிரிவுக்குத்தான் போய்ச் சேரும்.

முதல் முயற்சிக்கு ஆட்களின் பெயர் வராத பட்டியலாகப் பாருங்கள். தெருவிளக்குகள், பணிகளும் ஒப்பந்தத் தொகையும், பேருந்து நேரம், பொதுக் கழிப்பறைகள், ஏரிகளின் கொள்ளளவு போன்றவை நல்ல தொடக்கம். பயனாளிகள் பட்டியலில் கை வைத்தால் சிக்கல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) 8(1)(ஜே) பிரிவையே மாற்றி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்க வழி செய்துவிட்டது. அப்படிப்பட்ட பட்டியல்தான் வேண்டும் என்றால் பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் உள்ள பத்திகளை நீக்கிவிட்டுத் தாருங்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 10 அதற்கு இடம் தருகிறது. இனி நான் சொல்லும் பிரிவுகள் எல்லாம் இந்தச் சட்டத்தினுடையவைதான்.

வாக்காளர் பட்டியலையும் முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். தேடக்கூடிய எழுத்து வடிவில் அதைத் தர வேண்டும் என்று போடப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2018-இல் தள்ளுபடி செய்தது. அது தனிப் போராட்டம்.

2. ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேரே ஆர்டிஐ மனு போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இதனால்தான் என்பது என் கணிப்பு. எந்தப் பெயரில், எந்த வடிவத்தில், யாருடைய மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் கேட்டால் "அவ்வாறான தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அது பொய்யாகவும் இருக்காது. நீங்கள் சொன்ன பெயரில் அவர்களிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இணையதளத்தில் ஏற்றிய பிடிஎஃபையே முதலில் நன்றாகப் பாருங்கள். மேலே ந.க.எண் (அலுவலகக் கோப்பின் எண்) இருக்கும். கீழே கையெழுத்திட்டவரின் பதவி இருக்கும். பத்திகளின் தலைப்பு அப்படியே இருக்கும். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட அட்டவணையாக, கீழே மொத்தத் தொகையுடன் இருந்தால் அது எக்செலில் பிறந்தது என்று நம்பலாம். சில இடங்களில் துறையின் மென்பொருளே அறிக்கையாகக் கொடுத்திருக்கும். அப்படியானால் பக்கத்தின் ஓரத்தில் மென்பொருளின் பெயரோ, அறிக்கை எடுத்த நாளும் நேரமுமோ இருக்கும். அந்த மென்பொருளில் எக்செலாக எடுக்கும் பொத்தானும் அநேகமாக இருக்கும்.

அப்புறம் நேரில் போங்கள். அதிகாரியைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பட்டியலை அடிக்கும் உதவியாளரையோ டேட்டா என்ட்ரி ஆபரேட்டரையோ பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாதக் கடைசியைத் தவிர்த்துப் போனால் பேசுவார்கள். "இதை எப்படி சார் தயார் பண்றீங்க, மேலே யாருக்கு அனுப்புறீங்க?" என்று கேளுங்கள். மாதா மாதம் சென்னைக்கு அதே ஃபைலை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மேலிடத்துக்கு எக்செலாகப் போவதுதான் மக்களுக்கு ஸ்கேனாக வருகிறது என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதலாம். ஆனால் சொன்னவரின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். அவர் மறுநாளும் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும்.

யாரும் பேசவில்லை என்றால் ஆவணங்களை நேரில் பார்வையிடும் உரிமை இருக்கிறது. பிரிவு 2(ஜே) அதைத் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

3. எப்படிப்பட்ட ஃபைல் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்

"சாஃப்ட் காப்பி" என்று எழுதினால் அதே ஸ்கேன் பிடிஎஃபை சிடியில் போட்டுக் கொடுப்பார்கள். அதுவும் சாஃப்ட் காப்பிதானே! "எக்செல், ஓடிஎஸ் அல்லது சிஎஸ்வி வடிவில், ஸ்கேன் செய்யப்படாத மூல ஃபைல்" என்று எழுதுங்கள். ஓடிஎஸ், சிஎஸ்வி இரண்டும் எக்செல் போலவே திறக்கக்கூடிய அட்டவணை வடிவங்கள்.

தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. எழுத்துரு. பழைய ஃபைல்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தமிழுக்கான தரமாக ஏற்று ஆணையிட்டது. எனவே புதிய ஃபைல்களை யூனிகோடில் தரும்படி கேட்கலாம். பழையவை எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அப்படியே வரட்டும், எழுத்துருவின் பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றித் தாருங்கள் என்று கேட்டீர்களோ, "புதிதாகத் தயாரிக்க வேண்டியுள்ளது" என்று மறுக்க நீங்களே காரணம் கொடுத்தது போலாகிவிடும்.

வார்டு எண், பணி எண் போன்ற அடையாள எண்களை விடாமல் கேளுங்கள். ஊர்ப் பெயரை வைத்து இரண்டு பட்டியல்களைச் சேர்க்கவே முடியாது. தூத்துக்குடி ஒரு ஃபைலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் டூட்டிகோரின் என்றும் இருக்கும். கிராம ஊராட்சி என்றால் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. முதலில் ஒரு சாதாரணக் கடிதம்

ஆர்டிஐ மனுவுக்கு முன்னால் ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இதற்குச் செலவு தபால் காசு மட்டும். "தரவுகளை வெளியிடுங்கள்" என்ற கோரிக்கை இந்தக் கடிதத்தில்தான் வர வேண்டும். ஆர்டிஐ மனுவில், அலுவலகத்திடம் ஏற்கெனவே இருக்கும் தகவலின் நகலைத்தான் கேட்கலாம். "இணையதளத்தில் ஏற்றுங்கள்" என்பது தகவல் இல்லை, கோரிக்கை. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் மனுவையே தள்ளிவிடச் சாக்கு கிடைத்துவிடும்.

கடிதத்தில் மூன்று பிரிவுகளைச் சுட்டினால் போதும். பிரிவு 4(1)(ஏ) ஆவணங்களைக் கணினிமயமாக்கி இணைய வழியில் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. 4(2), மக்கள் இந்தச் சட்டத்தின்கீழ் மனுப் போட வேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தகவலை அவ்வப்போது தாமாக முன்வந்து வெளியிடச் சொல்கிறது. 4(4), அது எளிதில் கிடைக்க வேண்டும், இயன்றவரை மின்னணு வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. இவற்றோடு தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட தரவுக் கொள்கையையும், மாநிலத்துக்கென்று தனியாக ஒரு திறந்த தரவுத் தளம் (அரசுத் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கும் இணையதளம்) இருப்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். உள்ளாட்சி அலுவலகங்களில் அந்தக் கொள்கையைக் கேள்விப்படாதவர்கள் இருக்கலாம், நகலை இணைத்தால் படிப்பார்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையைச் சுட்ட வேண்டும்.

நேரில் பேசும்போது இரண்டு ஆட்சேபம் கட்டாயம் வரும். முதலாவது: "எக்செல் கொடுத்தால் யாராவது எண்ணை மாற்றிவிட்டு எங்கள் பெயரைச் சொல்வார்கள்." இது நியாயமான பயம், சிரித்துவிடாதீர்கள். கையெழுத்திட்ட பிடிஎஃப் அப்படியே தளத்தில் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் எக்செலையும் வையுங்கள், சந்தேகம் வந்தால் பிடிஎஃபே அதிகாரபூர்வம் என்று ஒரு வரி போடுங்கள் என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை இந்தப் பதில்தான் அதிகம் எடுபட்டது.

இரண்டாவது: "தப்பு இருந்தால் பத்திரிகையில் போட்டுவிடுவீர்கள்." இதற்கு வாய்ப்பேச்சில் பதில் கிடையாது. தப்பைக் கண்டால் முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். ஓரிரு முறை அப்படி நடந்துகொண்டால் அலுவலகத்தின் தொனி மாறும்.

கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது தபால் பிரிவில் நேரில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ஆனால் மனு கடைசியில் அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும் என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

5. ஆர்டிஐ மனு

ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லை என்றால் மனு. ஒரு வெள்ளைத் தாளில் "பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்" என்று அலுவலக முகவரியோடு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் கட்டணம் இல்லை. மத்திய அரசு அலுவலகத்துக்குப் போஸ்டல் ஆர்டர் எடுக்கலாம், ஆன்லைனிலும் கட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது.

மனுவின் உடல் இவ்வளவு போதும்:

"தங்கள் இணையதளத்தில் வெளியிடப்பட்டுள்ள, ந.க.எண் ______ நாள் ______ கொண்ட சாலைப் பணிகள் பட்டியல் தயாரிக்கப்பட்ட மூல மின்னணு ஃபைலின் நகலை, அது கணினியில் சேமிக்கப்பட்டுள்ள வடிவிலேயே, பிரிவு 2(ஜே)(4) மற்றும் 7(9)-இன்படி எனது மின்னஞ்சலுக்கு அல்லது குறுந்தகட்டில் வழங்கக் கோருகிறேன். புதிதாகத் தொகுத்தோ மாற்றியோ தரக் கோரவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அலுவலகம் தன்னிடம் இல்லாத தகவலைத் திரட்டித் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. உங்கள் மனு அதற்குள் சிக்காமல் இருக்கத்தான் அந்த வரி.

இங்கே மூன்று பொறிகள்.

"மொத்தம் 300 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 600 ரூபாய் கட்டவும்" என்று கடிதம் வரலாம். உடனே கட்டிவிடாதீர்கள். நீங்கள் அச்சு நகல் கேட்கவில்லை. குறுந்தகட்டுக்கு விதிப்படி 50 ரூபாய்தான் என்று அன்றே பதில் எழுதுங்கள். கட்டணக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து பணம் கட்டும் நாள் வரை, பதில் தர அவர்களுக்கு உள்ள 30 நாள் கணக்கில் சேராது என்பதால் தள்ளிப் போட்டால் நஷ்டம் உங்களுக்கே.

இரண்டாவது பொறி பென்டிரைவ். நீங்கள் கொண்டுபோகும் பென்டிரைவைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிச் செருக மாட்டார்கள். வீட்டில் சிடி டிரைவ் உள்ளவர்கள் இப்போது குறைவு. எனவே மின்னஞ்சலை முதலிலும் சிடியை மாற்றாகவும் எழுதுங்கள். சிடியைப் படித்துத் தர ஊரில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் இன்னும் வசதி இருக்கும்.

மூன்றாவது, "ஏன் எக்செலில் வெளியிடவில்லை?" என்று மனுவில் கேட்பது. ஏன், எதற்கு என்ற விளக்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். கூடவே நல்ல கேள்வியும் அடிபட்டுப் போகும்.

6. மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால்

30 நாளில் பதில் வர வேண்டும். மனு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டால் 5 நாள் கூடுதல். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6).

அதிகம் வரும் மறுப்பு 7(9)-ஐக் காட்டித்தான். கேட்ட வடிவிலேயே தர வேண்டும், அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் என்றாலோ ஆவணத்துக்குக் கேடு என்றாலோ மட்டும் விலக்கு என்பது அந்தப் பிரிவு. அது வடிவத்தை மாற்றித் தர அனுமதிக்கிறதே தவிர, தகவலையே மறுக்க அதில் இடமில்லை. மேல்முறையீட்டில் இதை எழுதிவிட்டு, 300 பக்கம் அச்சிட்டுத் தபாலில் அனுப்புவதைவிட ஒரு ஃபைலை மின்னஞ்சலில் அனுப்புவது வளங்களை எப்படி வீணாக்கும் என்றும் கேளுங்கள்.

முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில் முடிக்க வேண்டும். என் அனுபவத்தில் பாதி வேலை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் கோப்பு முதன்முறையாக ஒரு அதிகாரியின் மேசைக்குப் போகிறது.

அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. பிரிவு 19(3)-இன்கீழ் போடுங்கள். பிரிவு 18-இன்கீழ் புகாராகப் போட்டால் தகவலைத் தரச் சொல்லி ஆணையம் உத்தரவிட முடியாது, தண்டம் மட்டுமே விதிக்கலாம் என்று மணிப்பூர் மாநில அரசு தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்த்துவிட்டது. மனுவில் பிரிவு 19(8)(ஏ)-ஐக் குறிப்பிட்டு, இரண்டு உத்தரவுகளைக் கேளுங்கள்: கேட்ட வடிவில் தகவலைத் தர வேண்டும், இந்த வகைத் தகவலை இனி வெளியிட வேண்டும். சாதாரண மனுவில் கேட்க முடியாத "வெளியிடுங்கள்" என்பதை இங்கே சட்டப்படியே கேட்கலாம். விசாரணைக்கு வர மாதக்கணக்காகும், ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் என்ற பிரிவு 20-ஐ எடுத்த எடுப்பில் வீசாதீர்கள். அதைப் படித்த நிமிடமே அலுவலகம் தற்காப்பில் இறங்கிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் வக்கீல் நடையில்தான் வரும்.

7. ஒருமுறை கிடைத்ததை வழக்கமாக்குவது

ஃபைல் கையில் வந்துவிட்டது, சரி. அடுத்த வருடமும் இதே பாட்டைப் பாடாமல் இருக்க வேண்டுமே.

கிடைத்த ஃபைலில் இணைந்திருக்கும் கட்டங்களைப் பிரியுங்கள். தேதிகளை ஒரே முறைக்கு மாற்றுங்கள். நடுவில் வரும் "மொத்தம்" வரிகளை நீக்குங்கள். பிறகு உங்கள் வார்டுக்கு மட்டும் ஒரே பக்கத்தில் ஒரு அட்டவணையோ வரைபடமோ செய்து கவுன்சிலரிடம் கொடுங்கள். தன் வார்டுக்கு எவ்வளவு வந்தது, பக்கத்து வார்டுக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால் மாமன்றக் கூட்டத்தில் அவரே கேட்பார். நீங்கள் எழுதும் எத்தனையோ கடிதங்களைவிட அந்தக் கேள்விக்கு வேகம் அதிகம். பகுதி சபை நடந்தால் அங்கேயும் கேட்கலாம். கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். "இந்தப் பட்டியலை ஒவ்வொரு காலாண்டும் எக்செல் வடிவில் இணையதளத்தில் வெளியிட வேண்டும்" என்று தீர்மானமாக எழுத வையுங்கள், கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்கு ஒரு மாதிரி ஃபைலையும் கொடுங்கள். பத்தித் தலைப்புகள் மட்டும் உள்ள காலி எக்செல். அவர்கள் இப்போது பயன்படுத்தும் தலைப்புகளையே வையுங்கள், உங்கள் விருப்பத்துக்குப் பத்துப் பத்திகளைச் சேர்க்காதீர்கள். கூடவே, ஏற்றும் பக்கத்தில் போட ஒரு உரிம வரி: மத்திய அரசு 2017-இல் அறிவித்த திறந்த அரசுத் தரவு உரிமத்தின்படி, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று. இந்த வரி இல்லாவிட்டால் தரவை எடுத்துச் செயலி செய்பவர்கள் தயங்குவார்கள்.

மத்திய, மாநிலத் திறந்த தரவுத் தளங்களில் இந்தத் தரவு வேண்டும் என்று பரிந்துரைக்கவும் வழி இருக்கிறது. இலவசம், சில நிமிடம்தான். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

செலவும் காலமும்

மனுக் கட்டணம் 10, சிடி கேட்டால் 50, மூன்று நான்கு தபால், போக வர பஸ் காசு. இரண்டாம் மேல்முறையீடு வரை போனாலும் சில நூறு ரூபாயைத் தாண்டாது. வக்கீல் தேவையில்லை. காலம்தான் செலவு. கடிதத்திலேயே முடிந்தால் ஓரிரு மாதம், முதல் மேல்முறையீடு வரை போனால் நான்கைந்து மாதம், ஆணையம் என்றால் கணக்கில்லை.

தொடங்க நல்ல நேரம் ஜூன், ஜூலை. மார்ச்சில் நிதியாண்டு முடியும் நெருக்கடியில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பாதிப் பேர் தேர்தல் பணிக்குப் போய்விடுவார்கள். ஜூனில் போன வருடப் பட்டியல் தயாராக இருக்கும். ஒப்புக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போவது சகஜம். புதியவர் வந்த வாரமே பழைய கடிதம், அலுவலகத்தின் பதில், தீர்மான எண் மூன்றின் நகலோடு போய்ப் பாருங்கள். வந்து சில மாதம் கழித்துப் போனால் "முந்தையவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது" என்பார். எல்லாத் தாளையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் கோர்த்து வையுங்கள், மொபைலிலும் படம் எடுத்து வையுங்கள்.